பேட்டரியில் ஓடும் தோட்டக் கருவிகள்: லித்தியம் அயன் பேட்டரிகளுக்குப் பாதுகாப்பாகச் சார்ஜ் ஏற்றுவது எப்படி?

பசுஞ்சோலை (கேள்வி):

வணக்கம். ஒரு பெரிய வளாகத்தின் தோட்டப் பராமரிப்புப் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். பெட்ரோல் கருவிகளை விட்டு, பேட்டரியில் ஓடும் புல்வெட்டி, சங்கிலி ரம்பம், வேலிச்செடி கத்தரி, இலை ஊதும் ப்ளோயர் ஆகியவற்றுக்குப் படிப்படியாக மாறி வருகிறோம். சிறிய கருவிகளின் பேட்டரி 18 வோல்ட், பெரியவற்றினுடையது 36 வோல்ட். எல்லாமே லித்தியம் அயன் வகை. சார்ஜ் ஏற்றுவதற்கென ஓர் இடத்தை ஒதுக்கி, பணியாளர்கள் பின்பற்ற வேண்டிய நடைமுறையை எழுதித் தர வேண்டியிருக்கிறது. அதற்கு முன் சில ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

இப்போது சார்ஜர்கள் கருவிக் கொட்டகையில், ஒரு மரப்பலகைமீது வரிசையாக இருக்கின்றன. எஞ்சியிருக்கும் பெட்ரோல் கருவிகளுக்கான எரிபொருள் கேன்களும் அதே கொட்டகையில்தான் உள்ளன. மாலையில் வேலை முடிந்தவுடன் பேட்டரிகளைச் செருகிவிட்டுக் கொட்டகையைப் பூட்டிச் செல்வதும், காலையில் வந்து எடுப்பதும் இதுவரை இருந்து வந்த வழக்கம். இது சரியா?

அடுத்து, பல மாதங்களாக அலமாரியில் கிடந்த ஒரு 18 வோல்ட் பேட்டரியைச் சார்ஜர் ஏற்க மறுக்கிறது. சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. நன்றாக உள்ள மற்றொரு பேட்டரியின் முனைகளிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்துச் சில நிமிடங்கள் இணைத்தால் அது உயிர்பெறும் என்றும், அதன்பின் சார்ஜர் தானாகவே ஏற்றுக்கொள்ளும் என்றும் பணியாளர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். செய்து பார்க்கலாமா? மேலும், வெவ்வேறு நிறுவனங்களின் பேட்டரிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொதுச் சார்ஜர் ஒன்றை வாங்கினால் மேசையில் இடம் மிச்சமாகும் என்று ஒரு யோசனை இருக்கிறது. அதைப் பற்றியும் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மின்பட்டறை:

வணக்கம் ஐயா. தாங்கள் இரண்டாவதாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அது காத்திருக்கக் கூடாது. அந்தப் பேட்டரிக்குக் கம்பி இணைக்க வேண்டாம். மற்றவர்கள் செய்வதற்கும் இடம் கொடுக்காமல், இன்றே அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். பேட்டரிகளைப் பிரித்துச் சோதிப்பது என் தொழில். இந்த ஒரு செயலைப் பற்றி மட்டும் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். 18 வோல்ட் பேட்டரிக்குள் 5 செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையில் 4.2 வோல்ட். (ஒரே பேட்டரியைச் சிலர் 18 வோல்ட் என்றும் சிலர் 20 வோல்ட் என்றும் விற்பதற்குக் காரணம் இதுதான், முழுச் சார்ஜில் அது 21 வோல்ட் வரை காட்டும்.) பயன்படுத்தும்போது ஒரு செல் ஏறத்தாழ 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அலமாரியில் பல மாதங்கள் கிடக்கும்போது, செல் தானாக இழக்கும் சிறிதளவு சார்ஜோடு, உள்ளிருக்கும் மின்னணுப் பலகை உறிஞ்சும் மின்சாரமும் சேர்ந்து அதை அந்த எல்லைக்கு வெகு கீழே கொண்டுபோய்விடக்கூடும். அப்படி மிகத் தாழ்ந்த மின்னழுத்தத்தில் கிடக்கும் செல்லுக்குள், எதிர்மின்முனையின் கிராஃபைட் பூசப்பட்டிருக்கும் மெல்லிய செப்புத் தகடு, செல்லுக்குள் இருக்கும் மின்பகுளித் திரவத்தில் கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது, கரைந்த அந்தச் செம்பு தாறுமாறான இடங்களில் மீண்டும் படிந்து, இரு மின்முனைகளுக்கும் இடையே உள்ளிருந்தே குறுக்குச்சுற்றை (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கலாம். அது உடனே வெளிப்பட வேண்டும் என்பதில்லை. பேட்டரி நன்றாக வேலை செய்வதுபோல் தோன்றி, பல முறை சார்ஜ் ஏறிய பிறகு, யாரும் பார்க்காத ஒரு வேளையில் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

கம்பி இணைக்கும் முறையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நிறைந்த பேட்டரியிலிருந்து வெற்றுப் பேட்டரிக்குப் பாயும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த அங்கே எதுவும் இல்லை. எத்தனை ஆம்பியர் பாய்கிறது என்பதும் தெரியாது, எந்தச் செல் எவ்வளவு சூடாகிறது என்பதும் தெரியாது. சார்ஜர் மறுப்பது என்பது அதன் பழுது அன்று. அதனிடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய வேலையே அதுதான். மறுப்புக்கு வேறு எளிய காரணங்களும் இருக்கலாம் என்பதால், பேட்டரி அறை வெப்பநிலையில்தான் இருக்கிறதா, முனைகளில் புல்தூசியோ பச்சை நிறத் துருவோ படிந்திருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்த துணியால் துடைத்து, அதற்குரிய சார்ஜரிலேயே இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் அதன் வாழ்நாள் முடிந்தது என்று கொள்ளுங்கள்.

பொதுச் சார்ஜரைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்கிறேன். பழகிய பேட்டரியில் ஐந்து செல்களும் ஒன்றுபோல இருப்பதில்லை. நான்கு செல்கள் 4.15 வோல்ட்டிலும், வலுவிழந்த ஐந்தாவது செல் 4.4 வோல்ட்டிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் சரியாக 21.0 வோல்ட். இரு முனைகளை மட்டுமே பார்க்கும் சார்ஜருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும். உள்ளே ஒரு செல் எல்லை மீறி நிரம்பியிருக்கும். இதைத் தடுக்கத்தான் உரிய சார்ஜருக்கும் பேட்டரிக்கும் இடையே கூடுதல் முனைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று பெரும்பாலும் பேட்டரிக்குள் இருக்கும் வெப்ப உணரியோடு இணைந்திருக்கும். மற்றவை வழியாகச் செல்களின் நிலை, பேட்டரியின் வகை போன்ற தகவல்கள் செல்லும். பாதுகாப்பு முழுவதும் பேட்டரிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பல கருவிகளில் அது பேட்டரி, சார்ஜர், கருவி ஆகிய மூன்றுக்கும் பங்கிட்டே கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கூடுதல் முனைகளைப் பயன்படுத்தாத சார்ஜரை வைத்தால், அந்தப் பாதுகாப்பில் ஒரு பங்கு கழன்றுவிடுகிறது. மேசையில் மிச்சமாகும் இடத்துக்காக இதைக் கொடுப்பது தகாது. ஒவ்வொரு நிறுவனத்தின் பேட்டரிக்கும் அந்நிறுவனத்தின் கையேடு குறிப்பிடும் சார்ஜரையே வைத்திருங்கள். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் ஒரே நிற ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டால் பணியாளர்களுக்குக் குழப்பம் வராது.

தீக்காப்பு:

தீத்தடுப்புப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் இடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெட்ரோல் கேன்களும் சார்ஜர்களும் ஒரே கூரையின்கீழ் இருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து வெகுதூரம் செல்லும். சார்ஜரைச் செருகும்போதோ பிடுங்கும்போதோ எழும் சிறு பொறியே அதற்குப் போதும். எனவே முதலில் எரிபொருளை வெளியேற்றுங்கள், அல்லது சார்ஜர்களை வேறிடத்துக்கு மாற்றுங்கள். புதிய இடத்தில் மேசையின் மேற்பரப்பு கல், சிமென்ட், ஓடு, உலோகத்தகடு போன்ற எரியாத பொருளாக இருக்கட்டும். மேலேயும் பக்கத்திலும் அட்டைப் பெட்டி, சாக்கு, உலர்ந்த புல், எண்ணெய்த் துணி எதுவும் வேண்டாம். சார்ஜர்களுக்கிடையே ஓரளவு இடைவெளி விடுங்கள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவ நேரமெடுக்கும். மேசை வாசலுக்கு எதிர்ப்புறமாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அறையைவிட்டு வெளியேறும் வழியில் தீ எழுந்தால் தப்பிக்க வழியிருக்காது. புகை உணரியும் தேவை. அதன் ஒலி மனிதர் இருக்கும் இடத்தில் கேட்க வேண்டும்.

ஆளில்லாத இடத்தில் இரவெல்லாம் சார்ஜ் ஏற்றுவதை நான் எந்த நிறுவனத்துக்கும் பரிந்துரைப்பதில்லை. தரமான சார்ஜர் பேட்டரி நிரம்பியதும் தானே நிறுத்திக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் கோளாறு நேர்ந்தால் அதைத் தொடக்கத்திலேயே கவனிக்க ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் ஒரு மேசை கருகுவதற்கும் ஒரு கட்டடம் எரிவதற்கும் உள்ள வேறுபாடு. லித்தியம் அயன் செல்லில் கோளாறு தொடங்கினால் அது தன் வெப்பத்தாலேயே தன்னை மேலும் சூடாக்கிக்கொள்ளும். ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸில் செல்லுக்குள் இரு மின்முனைகளைப் பிரிக்கும் பாலித்தீன் சவ்வு உருகிவிடும். அதன்பின் நிகழ்வதை எந்தச் சுவிட்சாலும் நிறுத்த முடியாது. வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் கலந்திருக்கும். அந்தப் புகையை ஒரு மூச்சுகூட உள்ளிழுக்கக் கூடாது என்பதைப் பணியாளர்களுக்கு அழுத்தமாகச் சொல்லுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தாலோ, இனிப்பு கலந்த கரைப்பான் போன்ற வாடை வந்தாலோ, சீறும் ஒலி கேட்டாலோ, கை வைக்க முடியாத அளவு சுட்டாலோ, அணுகுவது பாதுகாப்பாக இருக்கும்வரை மட்டும் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு விலகிவிட வேண்டும். புகை தொடங்கிவிட்டால் எல்லாரையும் வெளியேற்றித் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

நாற்றங்கால்:

நானும் தோட்ட வேலையில் இருப்பவள். தீக்காப்பு ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் வேலை மாலையில் முடிந்து மறுநாள் விடியலில் தொடங்கும் இடங்களில், இரவில் ஏற்றாமல் எப்படிச் சமாளிப்பது என்ற கேள்விக்கும் விடை வேண்டும். எங்கள் குழு கண்ட வழி, ஒவ்வொரு பெரிய கருவிக்கும் இரண்டு பேட்டரிகளைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, பகலில் ஆள் இருக்கும்போதே சுழற்சியாக ஏற்றுவது. ஒன்று கருவியில் இருக்கும், ஒன்று நிழலில் ஆறிக்கொண்டிருக்கும், ஒன்று சார்ஜரில் இருக்கும். இதனால் அவசரம் இல்லாமல் போகிறது. வேகச் சார்ஜர்களையும் அடிக்கடி பயன்படுத்த வேண்டியிருப்பதில்லை.

எனக்கும் ஓர் ஐயம் இருக்கிறது. சங்கிலி ரம்பத்திலிருந்து எடுத்த பேட்டரியை உடனே செருகினால் சார்ஜர் சிறிது நேரம் தொடங்காமல் நிற்கிறது. வேலிச்செடி கத்தரியின் பேட்டரிக்கு அப்படி ஆவதில்லை. குளிர்பதனப் பெட்டியில் வைத்து விரைவாக ஆற்றலாமா என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்கிறார். இன்னொருவர், பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளைப் போல முழுதும் தீர்ந்த பிறகுதான் ஏற்ற வேண்டும் என்று விடாப்பிடியாக இருக்கிறார்.

மின்பட்டறை:

நல்ல கேள்விகள், அம்மா. செல்லுக்குள் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைச் சார்ந்தது. மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். 36 வோல்ட் ரம்பம் கடினமான மரத்தில் 1000 வாட் இழுத்தால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 28 ஆம்பியர் பாய்கிறது. கத்தரிக்கு அதில் ஒரு சிறு பகுதியே போதும். இதனால்தான் ஒன்று சுடுகிறது, மற்றது சுடுவதில்லை.

பெரும்பாலான லித்தியம் அயன் செல்களுக்குச் சார்ஜ் ஏற்ற அனுமதிக்கப்படும் வெப்பநிலை 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை. கருவித் தயாரிப்பாளர்கள் பலர் இதைச் சுருக்கி 5 முதல் 40 வரை என்று கையேட்டில் அச்சிடுகிறார்கள். சூடான பேட்டரியைச் சார்ஜர் காக்கவைப்பது இதற்காகவே. ஆறியதும் அதுவே தொடங்கிவிடும். குளிர்பதனப் பெட்டி வேண்டவே வேண்டாம். வெளி உறை விரைவில் குளிர்ந்துவிடும், நடுவிலுள்ள செல்களோ சூடாகவே இருக்கும். வெப்ப உணரி எங்கே பொருத்தப்பட்டிருக்கிறதோ அந்த இடத்தை மட்டுமே அது அறியும். போதாக்குறைக்கு, வெளியே எடுத்தவுடன் ஈரம் உள்ளே படியும். நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் அரை மணி நேரமோ அதற்கு மேலோ வைத்தாலே போதும். வேகச் சார்ஜர் கூடுதல் வெப்பம் தரும் என்பதும் சரிதான். 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 2 அல்லது 2.5 ஆம்பியரில் ஏற்றும் சார்ஜர் மெதுவானது. ஆனால் பேட்டரியின் ஆயுளுக்கு நல்லது.

குளிரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் சூட்டுக்கு அஞ்சுபவர்கள்கூடக் குளிரை அலட்சியம் செய்கிறார்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால், லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் புகுவதற்குப் பதிலாக அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். அது பெரும்பாலும் மீளாத சேதம். படிவு ஊசிகளாக வளர்ந்தால் உள்குறுக்குச்சுற்றுக்கும் வழிவகுக்கும். உறைபனி விழும் இடங்களில், கொட்டகையில் இரவு முழுவதும் கிடந்த பேட்டரியைக் காலையில் அறைக்குள் கொண்டுவந்து, உள்வரை வெதுவெதுப்பான பிறகே செருக வேண்டும். அந்தக் குளிரில் கருவியை ஓட்டலாம், சார்ஜ் ஏற்றக் கூடாது.

முழுதும் தீர்ந்த பிறகே ஏற்ற வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். பாதியில் ஏற்றிக்கொண்டே இருந்தால் கொள்ளளவு குறைந்ததுபோல் ஆகும் அந்த ‘நினைவு விளைவு’ லித்தியம் அயன் பேட்டரிக்குக் கிடையாது. பாதியில் ஏற்றலாம், பாதியில் எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் அடிவரை தீர்ப்பதே அதற்குக் கேடு. கருவியின் வேகம் தளர்ந்ததும் நிறுத்திவிடுவது நல்லது. நீண்ட நாள் வைக்கும்போது ஏறத்தாழ 40 முதல் 60 விழுக்காடு சார்ஜில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை அளவைப் பாருங்கள். முழுச் சார்ஜோடு சூடான இடத்தில் கிடப்பதுதான் வேலை செய்யாமலே பேட்டரியை மூப்படையச் செய்வது. பெரிய தோட்டக் கருவிகளின் பேட்டரிகள் சில, பல நாள் பயன்படாமல் இருந்தால் தாமாகவே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. அந்நேரம் அவை லேசாகச் சுடுவது இயல்பு. கையேட்டில் அந்தச் செய்தி இருக்கும்.

பசுஞ்சோலை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த 18 வோல்ட் பேட்டரியை உரிய சார்ஜரில் மீண்டும் வைத்துப் பார்த்தோம், மறுத்துவிட்டது. தனியே எடுத்து வைத்துவிட்டோம். எரிபொருள் கேன்களை வேறு அறைக்கு மாற்றும் வேலை நடக்கிறது. இன்னும் இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. தீயணைப்பானில் எந்த வகையை வாங்குவது? உலோகத் தீக்கான சிறப்புத் தூள் வகைதான் வேண்டும் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். மேலும், மழையில் நனைந்த பேட்டரியை உலர்த்திவிட்டு ஏற்றலாமா?

தீக்காப்பு:

அந்தத் தூள் வகை லித்தியம், மக்னீசியம் போன்றவை உலோகமாகவே எரியும் தீக்கானது. லித்தியம் அயன் பேட்டரியில் முதன்மையாக எரிவது மின்பகுளியிலுள்ள கரிமக் கரைப்பான். உலோக லித்தியம் அதில் எரிபொருளாக இருப்பதில்லை. இத்தீக்கு மிகவும் தேவைப்படுவது குளிர்ச்சி, அதற்கு ஏராளமான தண்ணீரைவிடச் சிறந்தது இல்லை. கரியமில வாயுவோ சாதாரணத் தூளோ சுவாலையை அடக்கும், ஆனால் செல்களைக் குளிர்விக்காது. ஆகையால் அணைந்ததுபோல் தோன்றும் பேட்டரி சில மணி நேரம் கழித்து, சில வேளை ஒரு நாளுக்குப் பிறகுகூட, மீண்டும் எரியத் தொடங்கலாம். மின்னிணைப்பைத் துண்டிக்காமல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதால், சார்ஜர்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் துண்டிக்கும் சுவிட்சை வாசலுக்கு அருகே வைக்கச் சொல்லுங்கள். தீயணைப்பான் சுற்றுப்புறப் பொருள்களுக்குப் பரவும் தீக்காகவே. எரியும் பேட்டரியோடு பணியாளர்கள் போராடக் கூடாது.

மேசைக்கு மின்சாரம் கொண்டுவரும் வழியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வேகச் சார்ஜர் 200 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடும். ஆறு சார்ஜர்கள் ஒன்றாக ஓடினால் அது 1200 வாட்டைத் தாண்டும். சுருட்டி வைத்த நீட்டிப்புக் கம்பியில் இவ்வளவும் ஓடினால் கம்பியே சூடேறி உருகக்கூடும். சுவரில் தனித்தனி இணைப்புகள் அமைப்பதே முறை.

மின்பட்டறை:

நனைந்த பேட்டரி குறித்து: சில துளிகள் வெளியே பட்டிருந்தால் துடைத்து, முனைகள் நன்கு உலர்ந்த பிறகு ஏற்றலாம். நீரில் மூழ்கியதையும், புல்வெட்டியைக் கழுவும்போது உள்ளே நீர் புகுந்ததையும் உலர்த்தினாலும் ஏற்ற வேண்டாம். உள்ளே மின்னணுப் பலகையில் அரிப்பு தொடங்கிவிடும். செல்களின் அளவைப் பார்க்க வேண்டிய பகுதியே தவறான அளவைக் காட்டலாம். உயரத்திலிருந்து விழுந்து உறை விரிந்த பேட்டரிக்கும் இதுவே விதி. சார்ஜர்கள் பெரும்பாலும் உள்ளறைப் பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்டவை; கருவி வெளிப்புறத்துக்கானது என்பதால் சார்ஜரும் அப்படியே என்று கொள்ளக் கூடாது. அவற்றின் காற்றுத் துளைகளில் மரத்தூள் அடைத்திருக்கிறதா என்று வாரந்தோறும் பாருங்கள்.

தனியே எடுத்து வைத்த அந்தப் பேட்டரியைக் குப்பையில் போட வேண்டாம். குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும். முனைகளின்மீது மின்கடத்தா நாடாவை ஒட்டி, திருகு, ஆணி போன்ற உலோகப் பொருள்களோடு கலக்காமல், எரியாத ஒரு பாத்திரத்தில் மணல் பரப்பி அதன்மேல் வைத்து, கட்டடத்துக்கு வெளியே மழையும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். பேட்டரிகளைத் திரும்பப் பெறும் மையத்திடமோ, கருவியை விற்ற நிறுவனத்திடமோ முன்கூட்டியே பேசி, அது சேதமடைந்திருக்கக்கூடிய பேட்டரி என்பதைத் தெளிவாகச் சொல்லி ஒப்படையுங்கள். எடுத்துச் செல்லும் நாளில் அதை வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.